துவோனெலா நரகம் அல்ல

மேலே ஒருவர் "துவோனெலாதான் பின்லாந்துக்காரர்களின் நரகம், பாவிகள் மட்டும் போகும் இடம், ஸ்லாவியரின் வேலெஸ் அங்குள்ள சாத்தான் மாதிரி" என்று எழுதியிருக்கிறார். இரண்டுமே தவறு.

பின்லாந்துப் புராணத்தில் துவோனெலா நல்லவர், கெட்டவர் எல்லோரும் இறந்தபின் போய்ச்சேரும் இடம். இருண்ட ஆற்றுக்கு அப்பால் இருக்கிறது. துவோனியும் அவன் மனைவி துவோனெதாரும் ஆள்கிறார்கள். மந்திரச் சொற்களைத் தேடி உயிரோடு அங்கே போன புராண நாயகன் வைனாமொய்னனுக்குத் துவோனெதார் நீட்டிய பீர்க் குவளையில் தவளைகளும் புழுக்களும்! குடிக்காமல் தப்பித்து வருகிறான். சரி, பின்லாந்தின் காவியமான கலேவலாவில் அந்தக் கதை முடியும் இடத்தில் தீயோருக்குச் சுடுகற்படுக்கை என்று வருவது உண்மைதான். அதில் கிறித்தவச் சாயல் தெரிகிறது. பின்னிஷ் மொழியில் நரகத்துக்கு 'ஹெல்வெத்தி' என்று தனிச்சொல்லே உண்டு, அதுவும் ஸ்வீடிஷ் மொழியிலிருந்து வந்தது.

வேலெஸ் கால்நடைகளின் தெய்வம். 971இல் பைசாந்தியப் பேரரசுடன் செய்த உடன்படிக்கையில் ரூஸ் மக்கள் (கீவை மையமாகக் கொண்ட பழைய அரசினர்) இடித் தெய்வமான பெரூன் பெயரோடு இவன் பெயரையும் சொல்லித்தான் சத்தியம் செய்தார்கள். சாத்தான் பெயரில் யார் சத்தியம் செய்வார்கள்? அவனைப் பேயாக்கியது பின்னால் வந்த கிறித்தவப் பார்வை. தயவுசெய்து அந்தப் பதிவைத் திருத்துங்கள்.