மாமன் சீர்

(ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரம், எல்பே ஆற்றங்கரை. போஸ்ட்கார்டு கடை. வெனிஸிலிருந்து வந்த ஒருவர் ஒரு கார்டைக் கையில் எடுக்கிறார்.)

வெனிஸ்காரர்: அட, கனலெட்டோ! எங்க ஊர்க்காரர் வரைஞ்ச படத்துக்கு என்கிட்டயே காசா?

கடைக்காரர்: ஊர் சரிதாங்க, ஆள்தான் வேற. இது 1748-ல பெர்னார்டோ பெலோட்டோ வரைஞ்சது. நீங்க சொல்றவரு அப்போ லண்டன்ல இருந்தாரு.

வெனிஸ்காரர்: கீழே கனலெட்டோன்னு அச்சடிச்சிருக்கே?

கடைக்காரர்: தாய்மாமன் பேருங்க. கூடப்பிறந்தவ மகன் இவரு. மாமன் பட்டறையிலதான் தொழில் கத்துக்கிட்டாரு.

வெனிஸ்காரர்: அதுக்காகப் பேரையுமா எடுத்துக்குவாங்க?

கடைக்காரர்: சீர்னு வச்சுக்கோங்களேன். செப்புத்தகட்டுல செதுக்கி அச்செடுக்கிற படத்துல 'பெர்னார்டோ பெலோட்டோ, கனலெட்டோ எனப்படுபவர்'னே போட்டுக்குவாரு. வெளிநாட்டு அரண்மனையில பெலோட்டோன்னா யாருக்குத் தெரியும்?

வெனிஸ்காரர்: எங்க மொழியில கனாலேன்னா கால்வாய். கால்வாய் கால்வாயா வரைஞ்சவருக்குக் கனலெட்டோன்னு பேரு வந்துச்சு, நியாயம். இவருக்கு ஏது கால்வாய்?

கடைக்காரர்: அதுவும் தப்புங்க! மாமனோட குடும்பப் பேரே கனால். அவங்கப்பா நாடகத்துக்குத் திரை வரையுறவரு. மகன் 'சின்ன கனால்', அதான் கனலெட்டோ. அந்த அப்பா பேரும் பெர்னார்டோதான்.

வெனிஸ்காரர்: ஆக, முன்பேரு தாத்தாவோடது, பட்டப்பேரு மாமனோடது. பையன் கையைவிட்டு எதுவும் போடலையா?

கடைக்காரர்: படம் போட்டாரே! நிழலைப் பாருங்க, கன்னங்கரேல்னு விழும். நிறம் குளிர்ச்சியா, பச்சையும் நீலமுமா ஓடும். மாமன் படத்துல வெயில் மஞ்சளா அடிக்கும், தண்ணி மேல குட்டிக்குட்டியா வளைஞ்ச வெள்ளைக் கோடு இழுத்திருப்பாரு. இங்க தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும்.

வெனிஸ்காரர்: மாமன் சண்டைக்கு வரலையா?

கடைக்காரர்: அவரு பாடே அங்க திண்டாட்டம். 'இவரு அசல் கனலெட்டோ இல்ல'ன்னு லண்டன்ல புரளி. 1749-ல பேப்பர்ல விளம்பரம் குடுத்து, 'தங்கியிருக்கிற வீட்டுக்கே வந்து என் படத்தைப் பாருங்க'ன்னு கூப்பிட்டாரு. இங்க மருமகனை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

வெனிஸ்காரர்: அடுத்து போலந்து தலைநகர் வார்சா போறேன். அங்கயாவது மாமன் இருப்பாரா?

கடைக்காரர்: அங்கயும் மருமகன்தான்! அரண்மனையில கனலெட்டோ அறைன்னே இருக்கு, 22 படம். 1944-ல தரைமட்டமான ஊரைத் திரும்பக் கட்டும்போது அவரு படங்களைப் பார்த்துத்தான் பல முகப்பைச் சரிபண்ணாங்க. ஆனா அவரு சில கட்டடத்தை அழகுக்காகக் கொஞ்சம் மாத்தி வரைஞ்சிருப்பாரு. அந்த வம்பும் உண்டு.

வெனிஸ்காரர்: சரி, ஒரு கார்டு குடுங்க. என் தங்கச்சி மகனுக்கு அனுப்பணும்.

கடைக்காரர்: பேனா வேணுமா? அனுப்புறவர் பேரு போட?

வெனிஸ்காரர்: வேணாம்பா, பேரு போடாமலே அனுப்பிடறேன்.