"பயிற்சிதான் கொடுத்தாகிவிட்டதே!"

இரண்டு நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த புதிய மென்பொருளில் தவறாகப் பதிவு செய்துவிட்டாள் என்று ஒரு பெண் ஊழியருக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். அந்த விவகாரம் இங்கே பலருக்கும் தெரியும். முழுக்கதையையும் மறுபடி எழுதப்போவதில்லை. "இரண்டு நாள் முழுதாக உட்கார வைத்துப் பயிற்சி கொடுத்தோமே, அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?" என்று நேற்று ஒருவர் என்னிடம் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் மனது ஆறவில்லை.

அதற்கு மேல் செய்ய வேண்டியதுதான் பயிற்சி. வகுப்பு முடிந்த மறுநாள்தான் அது தொடங்குகிறது.

அந்தப் பெண்ணுக்குப் புதிய மென்பொருளைக் காட்டினார்கள். கையேடு கொடுத்தார்கள், வருகைப் பதிவில் கையொப்பம் வாங்கினார்கள். ஆனால் கடவுச்சொல் கைக்கு வந்தது பல வாரங்கள் கழித்து. இடைப்பட்ட காலத்தில் அவள் ஒரு பதிவுகூடப் போட்டுப் பார்க்கவில்லை, பார்க்கவும் வழியில்லை. மாதக் கடைசி நெருக்கடியில் திருப்பி அனுப்பிய சரக்கை முதன்முறையாகப் பதிவு செய்யச் சொன்னால் தவறு வராமல் என்ன வரும்?

மனித நினைவு இப்படித்தான் என்பது இன்று நேற்று தெரிந்த செய்தி இல்லை. 1885இல் ஹெர்மான் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து எழுதினார். ஒரு நாள் கழித்து அதே பட்டியலை மீண்டும் கற்றபோது, முதலில் பட்ட பாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அவருக்கு மிச்சமானது. அலுவலக வேலை பொருளற்ற அசை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொடாமல் விட்டது தேயும் என்பது இரண்டுக்கும் பொது.

"வேலை நேரத்தில் தினமும் பயிற்சிக்கு எங்கே போவது?" என்பார்கள். இதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கும் இதே சாக்கைத்தான் கேட்கிறேன். பிரிட்டிஷ் அஞ்சல் ஊழியர்களுக்கு விசைப்பலகை கற்பித்த ஓர் ஆய்வை 1978இல் பேட்லி, லாங்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளியிட்டார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரு மணி நேரப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு நான்கு மணி நேரம். விசைகளைக் கற்று முடிக்க முதல் குழுவுக்கு மொத்தம் 35 மணி நேரம் போலத்தான் ஆனது. இரண்டாவது குழுவுக்கோ 50 மணி நேரம். நாட்கள் கூடும், உண்மைதான். செலவாகும் நேரம் குறைகிறதே! இதில் என்னை வருத்துவது இன்னொன்று: குறைந்த நேரத்தில் கற்ற அந்தக் குழுவுக்குத்தான் தங்கள் பயிற்சி முறையில் திருப்தி மிகக் குறைவு. ஒரே மூச்சில் முடித்தால் நிறையக் கற்றதாகத் தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தை நம்பித்தான் இரண்டு நாள் வகுப்புகள் நடக்கின்றன. வகுப்பு முடிந்த கையோடு கருத்துப் படிவம் நீட்டினால் எல்லோரும் "மிக நன்று" என்றுதான் எழுதுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஓர் அக்கா இருந்தார். காலையில் வேலை தொடங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "இந்தப் பில்லில் தொகை தவறு என்றால் முதலில் எதைத் திறப்பாய்?" கையேட்டைப் புரட்ட விடமாட்டார். தெரியாவிட்டால் திட்டவும் மாட்டார். செய்து காட்டுவார், அடுத்த வாரம் அதையே மறுபடி கேட்பார். ரோடிகர், கார்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2006இல் மாணவர்களை வைத்துக் காட்டியதும் இதைத்தான். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்களே முந்தினார்கள். அக்கா எந்த ஆய்வையும் படித்தவர் இல்லை. எங்கள்மேல் அக்கறை இருந்தது, அவ்வளவுதான்.

"ஆர்வம் இருந்தால் வீட்டிலேயே பழகியிருக்கலாமே" என்கிறார்கள். அலுவலகக் கணினிக்கு வெளியே திறக்காத மென்பொருளை எந்த வீட்டில் பழகுவது? சிலருக்கு எத்தனை முறை சொன்னாலும் ஏறாது என்கிறீர்களா? இருக்கலாம். பழக வாய்ப்புக் கொடுத்த பிறகு அதைச் சொல்லுங்கள்.

"இவர்கள் என்ன பள்ளிப் பிள்ளைகளா?" என்ற கேள்விதான் மிகவும் சுடுகிறது. ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த விமானிகள்கூட ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப சிமுலேட்டரில் உட்கார்ந்து, என்ஜின் பழுதாவதுபோல் வைத்துப் பழகித் தேர்வு கொடுக்கிறார்கள். அவர்களை யாரும் பள்ளிப் பிள்ளை என்று சொல்வதில்லை. கீழ்நிலையில் இருப்பவர் மறுமுறை கேட்டால் மட்டும் அது அறிவுக் குறைவாகிவிடுகிறது. மேலே இருப்பவர் கேட்டால் விளக்கம் கேட்பது!

அந்தக் கையொப்பம் எதற்கு வாங்கப்பட்டது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அவள் கற்றாளா என்று பார்க்க இல்லை, பின்னால் ஏதாவது நடந்தால் "கொடுத்தோமே" என்று நீட்டிக் காட்ட. மெமோவோடு அதன் நகலையும் இணைத்திருக்கிறார்கள். அவள் அதை என்னிடம் காட்டியபோது அழவில்லை. "நான் அன்றைக்கு வந்திருந்தேன்தானே அக்கா, அப்படியென்றால் என் தப்புதானே" என்றாள். கற்பிக்க மறந்ததை விட, அவளையே இப்படி நம்ப வைத்ததுதான் பெரிய கொடுமை.

அந்த மெமோவைத் திரும்பப் பெறுங்கள். பழகிப் பார்ப்பதற்கென்று மாதிரிக் கணக்கு ஒன்றைத் திறந்து விடுங்கள். அவளுக்கு மட்டுமில்லை, அன்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும்; மெமோவில் கையெழுத்துப் போட்டவருக்கும் சேர்த்து.