நாய்க்குப் பெயர் இருக்கு, சிப்பாய்க்கு இல்லை

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஆங்கிலத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. 1914-18 பெரும்போருக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அவ்வளவுதான். அந்த 14 பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை.

வேலூரும் சேர்ந்திருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்தில், செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளுக்காகச் சண்டையிட்டு இறந்த கருந்தேவக்கத்தியின் பெயரோடு, இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்ற நாயின் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள்: கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குக் கிடைத்த மரியாதை, இருபதாம் நூற்றாண்டில் சிப்பாய்க்குக் கிடைக்கவில்லை.

மணிக்கூண்டு மட்டுமில்லை. அதே போரில் இறந்தவர்களுக்காக ஈராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவுச்சின்னத்திலும் அதிகாரிகளுக்குப் பெயர், இந்தியச் சாதாரணச் சிப்பாய்களுக்கு வெறும் எண்ணிக்கை.

பெயர்கள் தொலைந்துவிட்டன என்று விடவும் வேண்டாம். போரில் இறந்தவர்களின் பதிவுகளை வைத்திருக்கும் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். ஆள் பெயரைப் போட்டால் பெரும்பாலும் சிக்காது, அன்றைய குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கூடுதல் விவரம் என்ற கட்டத்தில் நார்த் ஆற்காடு என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். பல பதிவுகளில் அப்பா பெயரும் ஊரும் தாலுகாவும் இருக்கும். குடியாத்தம், வாலாஜா என்று ஒவ்வொரு ஊரையும் நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேட வேண்டும். மாவட்டம் பொருந்தியதை வைத்து 'இவர் அந்த 14 பேரில் ஒருவர்' என்று முடிவுகட்டக் கூடாது. ஊரும் வேலூர் என்று இருக்க வேண்டும்.

இனி கல். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர்கள் உள்ள மாவட்டம் இது, புது நினைவுக்கல் நடும் தேவை வந்துகொண்டேதான் இருக்கும். இப்போது வைப்பதெல்லாம் பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட், மெஷினில் மேலாகக் கீறி, தங்கப் பெயின்ட் பூசியது. சில வருட வெயிலில் பெயின்ட் உரியும். எழுத்தில் ஆழம் இல்லாததால் நிழல் விழாது, படிக்க முடியாது. முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. (பழைய கல்வெட்டுக்காரர்கள் பல இடங்களில் புள்ளியே வைக்கவில்லை, அது வேறு கதை.) எழுத்து ஓர் அங்குல உயரம், குறைந்தது 3 மில்லிமீட்டர் ஆழம் என்று கேளுங்கள். பெயின்ட் அடிக்கும் முன்பே நகத்தை வைத்துப் பாருங்கள், பள்ளத்தில் நகம் மாட்ட வேண்டும். கல்லின் கீழ் மூன்றில் ஒரு பங்கை எழுத்தில்லாமல் விடுங்கள். இல்லையென்றால் பின்னால் மேடை கட்டுகிறவர் கடைசி இரண்டு வரியை சிமென்ட்டில் புதைத்துவிடுவார்.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது: காட்சி, கால்கோள் (கல்லை எடுத்தல்), நீர்ப்படை (நீராட்டுதல்), நடுதல், பெரும்படை (சிறப்புச் செய்தல்), வாழ்த்தல். கல்லைத் தேடிப் பார்ப்பதிலிருந்தே மரியாதை தொடங்குகிறது. நாம் நேராக ரிப்பன் வெட்டுக்குப் போய்விடுகிறோம். திறந்து வைத்தவர் பெயர் பெரிய எழுத்தில், இறந்தவர் பெயர் அதற்குக் கீழே. இதைவிட அசிங்கம் கிடையாது.

வெட்ட வேண்டியது: பெயர், அப்பா அம்மா பெயர், படை எண், பதவி, ரெஜிமென்ட், இறந்த இடம், தேதி. எல்லாவற்றையும் ராணுவ ஆவணத்தோடு சரிபார்த்து, தாளில் எழுதி, வீட்டுக்காரர்களிடம் வாசிக்கக் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகே கல் தச்சரிடம் போங்கள். இனிஷியல் ஒன்று தப்பினாலும் கல்லில் அழிக்க ரப்பர் இல்லை. முகம் முழுக்க இழைத்து மறுபடி வெட்ட வேண்டும், கூலியும் மறுபடி.