சைவமோ மச்சமோ, முதலில் சோத்துக் கோப்பையைப் பாருங்கோ

நல்லூர்க் கொடியேற்றம் நெருங்கினால் முகநூலில் ஒரே வாக்குவாதம். "சைவத்துக்கு மாறுங்கோ, சீனி வருத்தம் வராது, கொலஸ்திரோல் வராது" என்று ஒரு பக்கம். "மீனும் இறைச்சியும் இல்லாமல் சத்து எங்கையிருந்து வரும்? பிள்ளையளைக் காய விடாதேங்கோ" என்று மற்றப் பக்கம். நான் சைவத்தின் பக்கம் நிற்கிற ஆள். ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்று சைவச் சாப்பாடு என்று நாங்கள் பரிமாறுவது உடம்புக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல என்னால் முடியாது.

கொல்லாமைக்காகச் சைவமாக இருப்பவரிடம் இரத்தப் பரிசோதனைத் துண்டைக் காட்டி வாதாட ஒன்றும் இல்லை. ஆறுமுக நாவலர் (1822–1879) புலால் மறுக்கச் சொன்னது சமய ஒழுக்கத்துக்காக. அந்தக் காரணம் தன்காலில் நிற்கும், அதற்கு மருத்துவச் சாட்சி வேண்டாம். "உடம்புக்கு நல்லது" என்று சொல்லத் தொடங்கினால்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

ஆய்வுகளைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கும் ஒன்று. அமெரிக்காவில் அட்வென்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையினரிடையே நடந்த ஆய்வுகளில் சைவ உணவுக்காரருக்கு நீரிழிவு குறைவாக இருந்தது உண்மை. ஆனால் அவர்களில் புகை பிடிப்பவர்களும் மது குடிப்பவர்களும் மிகக் குறைவு. அவரை வகைகள், கொட்டைகள், தீட்டாத தானியம் என்று சாப்பிடுபவர்கள். ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் 48,000 பேரை 18 வருடம் அவதானித்து 2019இல் வெளியிட்ட முடிவில், சைவ உணவுக்காரருக்கு மாரடைப்பு வகை இருதய நோய் 22 வீதம் குறைவு. அதே ஆய்வில் பக்கவாதம் 20 வீதம் கூட. முதல் பாதியை மட்டும் வெட்டிப் பகிர்வது நியாயமில்லை. அந்த ஆட்கள் சாப்பிட்ட கோப்பையும் எங்கள் கோப்பையும் ஒன்றா என்று எவரும் கேட்பதும் இல்லை.

எங்கள் மத்தியானக் கோப்பையை எடுங்கோ. ஒரு சுண்டு அரிசி கிட்டத்தட்ட 200 கிராம். கதிரையில் இருந்து வேலை செய்பவர்கூட ஒரு நேரத்துக்கு முக்கால் சுண்டுச் சோறு சாப்பிடுவது இங்கே சாதாரணம். அந்த 150 கிராம் அரிசியில் மாச்சத்து மட்டும் 115 கிராமுக்கு மேல். பக்கத்தில் உருளைக்கிழங்குப் பிரட்டல், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம். அவையும் மாவும் எண்ணெயும்தான். இனிப் பருப்புக்கு வாருங்கோ. நாலு பேருக்கு ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் மைசூர்ப் பருப்பு, தண்ணியும் பாலும் விட்டு ஒரு சட்டி நிறையக் கறி. ஆளுக்கு 12 கிராம் பருப்பு, அதில் புரதம் 3 கிராம். இரவுக்கு இடியப்பமும் சொதியும். இதுதான் சைவச் சாப்பாடென்றால் மாச்சத்தை மூன்று நேரமும் வேறு வேறு உருவத்தில் சாப்பிடுகிறோம். சீனி வருத்தம் வருவதற்கு இறைச்சி தேவையே இல்லை.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு ஒரு நாளுக்கு ஏறத்தாழ 48 கிராம் புரதம் வேண்டும். சைவத்தில் அது வரும், தாராளமாக வரும். ஆளுக்கு 45 கிராம் பருப்புப் போடுங்கோ, நாலு பேருக்குச் சுண்டுக்குக் கொஞ்சம் குறைய. அதில் 11 கிராம். காலையிலோ பின்னேரமோ 40 கிராம் கொண்டைக்கடலை, அல்லது பயறு, கௌபி: 8 முதல் 9 கிராம். பாலும் தயிருமாக 350 மில்லி லீற்றர்: 11 கிராம். அரை சுண்டு அரிசிச் சோறும் ஒரு நேரப் புட்டும் சேர்ந்து 14, 15 கிராம். கீரையோடு கணக்கு முடிந்துவிடும். புரதத்தின் கூறுகளில் அரிசியில் லைசீன் குறைவு, பருப்பில் மெதியோனீன் குறைவு, இரண்டும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். ஒரே நேரத்தில்தான் சாப்பிட வேண்டும் என்றில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும்.

"கடலை அவியுதில்லை, அவிஞ்சாலும் வாய்வு" என்பதுதான் இதற்கு எப்போதும் வரும் பதில். இரண்டுக்கும் காரணம் உண்டு. எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கின்றன. தண்ணியில் உள்ள கல்சியம் கடலையின் தோலிலும் கலச்சுவரிலும் உள்ள பெக்ரின் என்ற பசைப்பொருளோடு பிணைந்து அதை இறுக்கிவிடும். அதனால்தான் சில ஊர்க் கிணற்றுத் தண்ணியில் எத்தனை விசில் வைத்தாலும் கடலை கல்லாகவே கிடக்கும். ஒரு லீற்றர் தண்ணிக்கு இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்டு 8 முதல் 10 மணித்தியாலம் ஊற வையுங்கோ. அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, கல்சியம் நீக்கிச் சுத்திகரித்த (RO) குடிதண்ணி அல்லது மழைத்தண்ணியில் அவியுங்கோ. புளி, தக்காளி எதுவும் கடலை மசியும்வரை போடக்கூடாது, புளிப்பும் இறுக்கும். அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் சீக்கிரம் அவியும்தான், கூடினால் விற்றமின் பி1 அழிந்து சவர்க்கார வாடையும் வரும். வாய்வுக்குக் காரணம் சிறுகுடலில் சமிக்காத ஒருவகைச் சீனிகள். அவை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பக்ரீரியாக்களால் நொதிக்கின்றன. ஊறிய தண்ணியை ஊற்றினால் ஒரு பங்கு அதோடு போய்விடும். மிச்சத்துக்கு, முதல் கிழமை இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கோ, குடல் பழகும்.

புட்டையும் திருத்தலாம். வறுத்த சிவப்பரிசி மா மூன்று பங்குக்கு வறுத்த உழுத்தம்மா ஒரு பங்கு. உழுத்தம்மா தண்ணியைக் கண்டவுடன் பசையாகும், ஆகவே கொதிநீரை ஒரேயடியாக விடாமல் தெளித்துத் தெளித்துக் குழைத்துக் கொத்த வேண்டும். அவிச்ச கோதம்பமாப் புட்டைவிட இது எவ்வளவோ மேல். சோயாமீற்றைப் பழிப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. காய்ந்த 50 கிராமில் 25 கிராம் புரதம். கொதிநீரில் ஊறப்போட்டு இரண்டு தரம் பிழிந்து, பெட்டிக்குள் வரும் உப்புத்தூள் பைக்கற்றை வீசிவிட்டு வீட்டுக் கறித்தூளில் வையுங்கோ. பொரித்துப் போட்டால் அது எண்ணெயைக் குடிக்கும்.

எண்ணெய் குடிப்பதில் கத்தரிக்காயை மிஞ்ச ஒன்றும் இல்லை. பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு இல்லாமல் எங்களுக்கு விரதச் சாப்பாடே கிடையாது. கத்தரிக்காயின் சதை பஞ்சு. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் வெளியேற, அந்த இடத்தில் எண்ணெய் போய் உட்காரும். நீளமாக வெட்டி, உப்புப் பிரட்டி 15 நிமிடம் வையுங்கோ. தண்ணி விட்டுச் சதை தளரும், மெல்லப் பிழியுங்கோ. தாச்சியில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய், மூடி போட்டு மெல்லிய நெருப்பில் இரு பக்கமும் வாட்டுங்கோ. வெந்தயமும் பழப்புளியும் சேர்ந்த குழம்புக்குள் போட்டால் பொரித்ததற்குக் கிட்ட வரும். பொரித்த மொறுமொறுப்பு வராது, அதையும் சொல்லத்தான் வேண்டும். குழம்புக்கு உப்புப் போடும்போது ஏற்கனவே பிரட்டிய உப்பை மறக்காதேங்கோ.

தேங்காயைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். தேங்காய்க் கொழுப்பில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைகொழுப்பு. அது கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டும் என்பது பரிசோதனைகளில் திரும்பத் திரும்பக் கண்டது. நாலு பேர் வீட்டில் பாலும் சம்பலுமாக ஒரு முழுத் தேங்காய் போனால் ஆளுக்கு நிறைகொழுப்பு 25 கிராமைத் தொடும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை மொத்தக் கலோரியில் 10 வீதம், 1800 கலோரி சாப்பிடுபவருக்கு 20 கிராம். அரைத் தேங்காய் என்றால் எல்லைக்குள் நிற்கலாம். சொதிக்குக் கட்டிப்பால், மற்றக் கறிகளுக்கு இரண்டாம் மூன்றாம் பால் என்று பிரித்தால் ருசியும் கெடாது.

இனி, சைவர்கள் அதிகம் கவனிக்காத விற்றமின் பி12. மரக்கறி எதிலும் இது இல்லை. பழஞ்சோற்றில் இருக்கிறது, ஸ்பிருலினாவில் இருக்கிறது என்று வரும் செய்திகளை நம்பாதேங்கோ. ஸ்பிருலினாவில் பெரும்பாலும் இருப்பது எங்கள் உடம்பு பயன்படுத்த முடியாத போலி வடிவம். ஒரு நாளுக்கு 2.4 மைக்கிரோகிராம் வேண்டும். 200 மில்லி லீற்றர் பாலில் ஏறத்தாழ 0.9, ஒரு முட்டையில் அரை. "நான் பால் குடிக்கிறனான்தானே" என்பவர்கள் கணக்குப் பாருங்கோ: ஒரு பால்தேத்தண்ணிக்குப் போடும் இரண்டு தேக்கரண்டி பால்மா 70 மில்லி லீற்றர் பாலுக்குத்தான் சமம்.

ஈரலில் சில வருடங்களுக்குப் போதுமான பி12 சேமிப்பு இருப்பதால் குறைபாடு உடனே தெரியாது. தெரியும்போது கால் விறைப்பு, ஊசி குத்துவது போன்ற உணர்வு, தடுமாற்றம், மறதி. இங்கேதான் பெரிய சிக்கல். சீனி வருத்தக்காரர் பெரும்பாலும் குடிக்கும் மெற்போமின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். நாட்பட்ட சீனியும் கால் நரம்பைப் பாதிக்கும். ஆகவே பல வருடமாக மெற்போமின் குடிக்கும் சைவர் ஒருவருக்குக் கால் விறைத்தால் "சீனியாலதான்" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அது பி12 குறைவாக இருந்தால் நேரத்தோடு திருத்தலாம், பிந்தினால் நரம்பு முழுதாகத் திரும்பாது. நிறையக் கீரை சாப்பிடுபவருக்கு இன்னொரு ஆபத்து. கீரையில் உள்ள போலேற்று என்ற பி விற்றமின், பி12 குறைவால் வரும் இரத்தசோகையை மறைத்துவிடலாம், நரம்புச் சேதம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். கிளினிக்கில் பி12 அளவைப் பார்க்க முடியுமா என்று நீங்களே கேளுங்கோ. குளிசை சைவத்துக்கு ஆகுமா என்று தயங்கத் தேவையில்லை, அது பக்ரீரியாவை நொதிக்க வைத்து எடுப்பது. கூட்டுக்குளிசையின் (கப்சியூல்) கூட்டில் மாட்டு ஜெலற்றின் இருக்கலாம், அழுத்திய குளிசையாகக் கேட்டு வாங்குங்கோ.

இரும்புச்சத்துக்கு முருங்கையிலை வறையும் பருப்பும் போதும் என்பார்கள். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடித்தால் போதாது. மரக்கறியில் வரும் இரும்பைத் தேயிலையின் தனின் பிடித்துக்கொள்ளும், பாதிக்கு மேல் உடம்புக்குச் சேராது. ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கோ. வறைக்குத் தேசிக்காய் பிழிவது நல்ல வழக்கம், ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு. நெருப்பில் வைத்துப் பிழிந்தால் விற்றமின் சியில் ஒரு பங்கு அழிந்துவிடும்.

குரக்கன் பற்றி ஒரு சொல். 100 கிராமில் 340 மில்லிகிராமளவு கல்சியம், அருமையான தானியம். மாச்சத்தும் 72 கிராம் இருக்கிறது. "குரக்கனெண்டால் சீனி ஏறாது" என்று மூன்று ரொட்டி சாப்பிடுபவருக்குச் சீனி ஏறத்தான் செய்யும்.

மச்சம் சாப்பிடுபவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. சூடை, சாளை, நெத்தலி போன்ற சின்ன மீனைச் சொதியாகவோ குழம்பாகவோ கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சாப்பிடுபவரிடம், அதைவிடச் சைவம் உடம்புக்கு மேல் என்று நான் வாதாடமாட்டேன். பொரியலும் கருவாடும் வேறு கதை. ஒரு நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற எல்லையைக் கருவாட்டுக் குழம்பு ஒன்றே தின்றுவிடும். சொசேஜ் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2015இல் வகைப்படுத்தியது. பிள்ளைகளின் பள்ளிச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் அதை வைப்பதை நிறுத்துங்கோ.

கந்தசஷ்டி விரதம் பிடிக்கிற சீனி வருத்தக்காரர் இதைக் கட்டாயம் வாசியுங்கோ. மெற்போமின் தனியே சீனியை ஆபத்தாக இறக்குவது அரிது. கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் அப்படியல்ல, சாப்பாடு இல்லாத வயிற்றிலும் அவை வேலை செய்துகொண்டே இருக்கும். ஆறு நாளும் மருந்தை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்து, வழமையான அளவில் குடிப்பதும் ஆபத்து. இரண்டு கிழமைக்கு முன்பே கிளினிக் கொப்பியோடு போய், எந்த நேரம் என்ன சாப்பிடப் போகிறீர்கள் என்று சொல்லி அளவை மாற்றிக் கேளுங்கோ. இடையில் வியர்த்து, கை நடுங்கி, பார்வை மங்கினால், அல்லது சீனி பார்க்கும் மெசினில் 70க்குக் கீழே காட்டினால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்து உடனே குடியுங்கோ. 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கோ, ஏறாவிட்டால் இன்னொரு தரம். ஏறியதும் விரதத்தைத் தொடராமல் சோறோ இடியப்பமோ சாப்பிடுங்கோ. குளிசையின் வேலை பல மணித்தியாலம் நீளும், சீனித் தண்ணியின் வேலை கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும், சாப்பிடாமல் படுத்தால் நித்திரையில் திரும்ப இறங்கும். கிளிபென்கிளமைட் எடுக்கும் வயதானவரென்றால் ஏறிவிட்டது என்று வீட்டில் வைத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ.