தலைப்புச் செய்தியை நம்பியே நாசமாய்ப் போகும் குடும்பம்

பழைய பேப்பரை எடைக்குப் போட விடாத மாமனார் உங்கள் வீட்டிலும் இருந்தால் மேலே படியுங்கள். இல்லாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

எங்கள் மாமா தலைப்புச் செய்தியைப் படிக்கிற ஆள் இல்லை, அதன்படி குடும்பம் நடத்துகிற ஆள். பேப்பரில் வருகிறது என்று போட்டால் அவருக்கு அது வந்தாயிற்று. அந்தப் பக்கத்தை மடித்துப் பரணில் ஏற்றிவிடுவார். சுத்தம் செய்யலாம் என்று ஏறிய நான் ரத்தக் கொதிப்போடு இறங்கினேன்.

முதலில் விமானம். எங்கள் சேலத்துக்குப் பக்கத்தில் காமலாபுரத்தில் விமான நிலையம் வந்தது 1993-இல். வந்த விமானம் கொஞ்ச நாளில் நின்றுபோனது. 2009-இல் மறுபடி வந்தது, மறுபடி நின்றது. 2018-இல் மறுபடி. அதுவும் நின்று, 2023 அக்டோபரில் இன்னொரு முறை. ஒவ்வொரு தடவையும் அதே தலைப்பு, மீண்டும் விமான சேவை, சேலம் மக்கள் மகிழ்ச்சி. ஒரே விஷயத்துக்கு எத்தனை தடவைதான் ஐயா மகிழ்வது? முதல் தடவை மகிழ்ந்தவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

அந்த மகிழ்ச்சியில்தான் மாமா ஓமலூர் பக்கம் மனை வாங்கினார். தரகர் பேப்பர் கட்டிங்கை லேமினேட் செய்து பையிலேயே வைத்திருந்தாராம். வில்லங்கச் சான்றிதழைக்கூட அத்தனை பத்திரமாக வைத்திருக்க மாட்டார். விமானம் இல்லாத வருடங்களில் அந்த மனையில் எருமை மேய்ந்தது, வேலிக்கும் வரிக்கும் நாங்கள் பணம் கட்டினோம். வித்துடலாம் மாமா என்றால், “அவசரப்படாதீங்க மாப்பிள்ளை, அடுத்த செய்தி வரட்டும்” என்பார். செய்தி வரும். விலை மட்டும் வராது.

அப்புறம் 2018-இல் எட்டு வழிச்சாலை. சேலத்திலிருந்து சென்னைக்கு 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய், மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்றார்கள். மாமா கணக்குப் போட்டார். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குச் சென்னை, ராத்திரி தட்டுவடை செட்டு சாப்பிட சேலம். அந்தக் கணக்கை வைத்தே கொழுந்தியாளுக்குச் சென்னையில் மாப்பிள்ளை பார்த்தார். “பக்கத்துத் தெரு மாதிரிதானே!” 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுப்பதை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. சாலை இன்னும் பரணில்தான் இருக்கிறது. கொழுந்தியாள் ஒவ்வொரு தீபாவளிக்கும் உளுந்தூர்ப்பேட்டை, ஆத்தூர், வாழப்பாடி என்று அதே பழைய வழியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்குகிறாள். இறங்கியதும் என்னை முறைக்கிறாள். நான் என்ன செய்தேன்? (அந்தச் சாலைக்கு நிலம் எடுக்கக் கல் நட்ட வயலில் நின்று அழுதவர்களின் கதை வேறு. அதில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.)

ஐந்து ரோட்டு ஈரடுக்கு மேம்பாலம் 2020-இல் திறந்தபோது நெரிசலுக்கு நிரந்தரத் தீர்வு என்றார்கள். நெரிசல்னா என்ன தாத்தா என்று பேரன் கேட்கப் போகிறான் என மாமா பூரித்துப்போனார். மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். நெரிசலுக்கு மாடி கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தப் பழக்கம் பரம்பரையாக வருகிறது. 1979-இல் ஸ்கைலாப் என்கிற அமெரிக்க விண்வெளி நிலையம் தலையில் விழப்போகிறது என்று பேப்பர் அலறியபோது, சாவதற்குமுன் சாப்பிட்டுவிடலாம் என்று மாமாவின் அப்பா கடாவை அறுத்து ஊருக்கே கறி போட்டாராம். ஸ்கைலாப் போய் ஆஸ்திரேலியாவில் விழுந்தது. கடா போனது போனதுதான். 1995 செப்டம்பரில் பிள்ளையார் சிலை பால் குடிக்கிறது என்று செய்தி பரவியபோது மாமா வீட்டில் குழந்தைக்குப் பால் இல்லை.

நியாயமாகச் சொன்னால் சில செய்திகள் பலிக்கவும் செய்தன. உருக்காலைக்கு 1970-இல் அடிக்கல் நட்டார்கள், 1981-இல் உற்பத்தி தொடங்கியது. ரயில்வே கோட்டம் 2007-இல் வந்தேவிட்டது. இந்த இரண்டையும் காட்டித்தான் மாமா எல்லா வாதத்திலும் ஜெயிக்கிறார்.

எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது மேட்டூர் விஷயத்தில். அணை 120 அடியைத் தொட்டது என்று எட்டுப் பத்தியில் தலைப்பு. 93.47 டி.எம்.சி. தண்ணீர். மாமா உடனே தொட்டியைத் திறந்துவிட்டு வாசல், கார், மாடிப்படி எல்லாம் கழுவினார். “அணையே ரொம்பிருச்சு, ரெண்டு குடத்துக்குக் கணக்கு பார்க்கறீங்களே!” நாங்கள் குடிப்பது அதே மேட்டூர் தண்ணீர்தான், ஆனால் அணை நிரம்பிய வாரத்தில் எங்கள் தெருக் குழாயில் வந்தது காற்று. லாரித் தண்ணீருக்குப் பணம் கொடுத்தது நான். அணை நிரம்பியது என்று போடுகிற புண்ணியவான்களே, குழாயில் வருகிறதா என்று கீழே ஒரு வரி சேர்த்தால் மை தீர்ந்துவிடுமா? வருகிறது என்பதற்கு முக்கால் பக்கம், வரவில்லை என்பதற்கு எட்டாம் பக்கத்தில் காதணி விழா விளம்பரத்துக்கு அடியில் ஒரு விரற்கடை இடம்கூடக் கிடையாது.

தக்காளியும் இப்படித்தான். விலை விழுந்தால் விவசாயிகள் கவலை, ஏறினால் இல்லத்தரசிகள் கவலை. மாமா இரண்டு நாளும் கவலைப்படுவார், ரசம் மட்டும் தினமும் கேட்பார்.

கடைசியாக மே மாதம். ஏற்காட்டில் இதமான குளிர், சுற்றுலாப் பயணிகள் குவிந்தனர் என்று படத்தோடு வந்தது. குவிந்திருக்கிறார்கள் என்றால் நாம் போகக்கூடாது என்றுதான் புத்தியுள்ளவன் நினைப்பான். மாமாவுக்கு அது பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி. அடுத்த ஞாயிறு எல்லோரும் ஒரே காரில் கிளம்பினோம். சேலத்தில் பாதிப்பேர் அதே பேப்பரைப் படித்திருந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் ஐந்தாவதைத் தாண்ட முடியவில்லை. முன்னால் பஸ், பின்னால் வேன், ஏசியை அணைத்தால் வேர்வை, போட்டால் இன்ஜின் சூடு. மச்சான் மகன் ஜன்னல் பக்கம் போவதற்குள் என் சட்டையில் வாந்தி எடுத்துவிட்டான். மலர்க் கண்காட்சியில் ஒரு பூவைக்கூடப் பார்க்காமல் திரும்பினோம்.

திங்கட்கிழமை பேப்பரில் படம் வந்தது. வளைவில் வரிசையாக வண்டிகள், நடுவில் எங்கள் காரின் பின்பக்கம். மேலே பெரிய எழுத்தில்: ஏற்காடு கோடை விழாவில் சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்.