தேயிலைக் கொழுந்து பறிக்கும் பழக்கம் விரல் தசையிலா இருக்கிறது?

ஹட்டன் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது: கொழுந்து பறிக்கும் வேகம் விரல் தசையில் பதிந்திருக்கிறதாம், ஒரு தைலம் தேய்த்தால் புதிதாக வருபவருக்கும் வந்துவிடுமாம்.

தவறு. பழகிய அசைவைப் பதிந்து வைப்பது மூளை. சிறுமூளைக்கு அதில் பெரிய பங்கு. வாசல் மண்ணில் கால் பெருவிரலால் உங்கள் பெயரை எழுதிப் பாருங்கள். கோணலாக இருந்தாலும் உங்கள் கையெழுத்துச் சாயல் தெரியும். கால் தசை எப்போது எழுதப் பழகியது?

மூளையையும் நினைவையும் ஆராய்ந்த பிரெண்டா மில்னர் 1962இல் வெளியிட்ட ஆய்வில், புது நினைவு தங்காத ஒருவர் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையப் பழகினார். மூன்று நாளில் கை தேறியது. பழகியதே அவருக்கு நினைவில்லை. நடந்ததை நினைவில் வைக்கும் மூளைப் பகுதி வேறு, அசைவைப் பழகும் மூளைப் பகுதி வேறு என்பதே காரணம். நரம்பியல் பாடநூல்களில் பார்க்கலாம், பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்கலாம்.

வலிக்கிற கைக்குத் தைலம் தேய்ப்பது வேறு விஷயம், தேய்த்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தியை மட்டும் இனி அனுப்பாதீர்கள்.