ஏறுவதற்கு முன்பே இறங்கிய மாமா

மாமா: ரவி, இந்த டிக்கெட்டை ரத்து பண்ணிவிட்டு வேறு போடு. இதில் அச்சுப்பிழை இருக்கிறது.

ரவி: என்ன பிழை மாமா?

மாமா: டோக்கியோவில் சனிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு ஏறுகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் அதே சனிக்கிழமை காலை 10 மணிக்கு இறங்குகிறேனாம். காலையிலேயே இறங்கிவிட்டால், அப்புறம் சாயங்காலம் ஏறுவது யார்?

ரவி: பிழையே இல்லை. பறப்பது 10 மணி நேரம். ஆனால் குளிர்காலத்தில் டோக்கியோ கடிகாரம் லாஸ் ஏஞ்சல்ஸை விட 17 மணி நேரம் முன்னால் ஓடும். நடுவில் பசிபிக்கில் தேதிக்கோட்டைத் தாண்டுகிறீர்கள். அது தேதி மாறும் கற்பனைக் கோடு, கிழக்கே தாண்டினால் ஒரு நாள் பின்னால் போகும்.

மாமா: அப்படியானால் இறங்கியதும் விமான நிலையத்துக்குப் போன் போட்டு, "அந்த ஆளை ஏற்றாதீர்கள், சீட் சரியில்லை" என்று சொல்லலாமா?

ரவி: சொல்லலாம். டோக்கியோவில் அப்போது ஞாயிறு விடியற்காலை 3 மணி. நீங்கள் ஏறிப் பத்து மணி நேரம் ஆகியிருக்கும்.

மாமா: அது கிடக்கட்டும். இந்த வரைபடத்தைப் பார். இரண்டு ஊரும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. ஸ்கேல் வைத்தால் கோடு நேரே போகிறது. இவன் என்னடா என்றால் வடக்கே அலூஷியன் தீவுப் பக்கமாக வளைக்கிறான். மீட்டர் போட்டு ஓட்டுகிறானா?

ரவி: வரைபடம் தட்டை, பூமி உருண்டை மாமா. ஒரு பந்தில் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடியுங்கள், அது தானாக வடக்கே ஏறும். அந்த வழி சுமார் 8,800 கிலோமீட்டர். உங்கள் ஸ்கேல் வழியில் போனால் 400 கிலோமீட்டருக்கு மேல் கூடும்.

மாமா: சரி, 8,800. விமானம் மணிக்கு 900. வகுத்தால் கிட்டத்தட்ட பத்து மணி நேரம், ஒத்துக்கொள்கிறேன். திரும்பும்போது மட்டும் ஏன் 12? அந்த இரண்டு மணி நேரம் எங்கே நிற்கிறான்?

ரவி: எங்கேயும் நிற்கவில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் காற்று வீசுகிறது. சில நாள் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். போகும்போது முதுகில் தள்ளும், வரும்போது நெஞ்சில் அடிக்கும்.

மாமா: இதைக் கண்டுபிடித்தது யார்? டிக்கெட் விற்கிறவர்களா?

ரவி: வசபுரோ ஓயிஷி என்ற ஜப்பான்காரர் 1920-களிலேயே பலூன் விட்டு அளந்தார். உலகமே படிக்கட்டும் என்று, எல்லா நாட்டுக்கும் பொதுவாக உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார். அதைப் படிக்கத் தெரிந்தவர்களோ குறைவு. அதனாலேயே வெளியே யாரும் கண்டுகொள்ளவில்லை.

மாமா: பாவம் மனுஷன். நான் தமிழில் சொல்வதையே இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்? சரி, ஒரு யோசனை. இப்படியே கிழக்கே சுற்றிக்கொண்டிருந்தால் சுற்றுக்கு ஒரு நாள் லாபம். வயது குறையுமே?

ரவி: குறையாது. வழி நெடுகக் கடிகாரத்தை முன்னால் தள்ளித் தள்ளி, ஒரு சுற்றுக்கு 24 மணி நேரம் கொடுத்திருப்பீர்கள். தேதிக்கோட்டில் அதைத்தான் திருப்பித் தருகிறார்கள்.

மாமா: வட்டி?

ரவி: தூக்கம் கெடும், அதுதான் வட்டி.

மாமா: திரும்பும்போது சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு ஏறினால்?

ரவி: ஞாயிறு சாயங்காலம் 5 மணிக்கு டோக்கியோ.

மாமா: அப்போ என் ஞாயிற்றுக்கிழமை?

ரவி: முக்கால்வாசி பசிபிக்கில் போய்விடும்.

மாமா: அப்படியென்றால் ஞாயிறு மதியம் கிளம்பும் விமானத்தில் போடு. தொலைவதுதான் தொலைகிறது, திங்கட்கிழமையாக இருக்கட்டும்.